மியூனிக்கா, கெம்னிட்ஸா?

ஜெர்மனியில் எம்.எஸ். படிக்க நினைக்கும் தமிழ்நாட்டு இன்ஜினீயரிங் மாணவர்களிடம் கனவுப் பல்கலைக்கழகம் எது என்று கேட்டுப் பாருங்கள். முதலில் வரும் பெயர்களில் ஒன்று டி.யூ.எம்., அதாவது மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். பி.எம்.டபிள்யூ., சீமென்ஸ் இரண்டுக்கும் தலைமையகம் இருக்கிற ஊர் வேறு. அங்கே அட்மிட் வந்த பிறகு வேறு இடத்துக்குப் போவதைச் சில வருடங்களுக்கு முன்பு யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

இப்போது யோசிக்கத்தான் வேண்டும். 2014-ல் கடைசி மாநிலமாக லோயர் சாக்சனியும் விலக்கிக்கொண்டதோடு, ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லாமல் போனது. ஆனால் 2017-ல் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் மட்டும் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்கத் தொடங்கியது. 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து டி.யூ.எம்.மும் கட்டணம் வாங்குகிறது. முதுநிலைக்கு, பாடத்தைப் பொறுத்து, செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ. அதே மியூனிக்கில் இருக்கும் லுட்விக் மாக்சிமிலியன் பல்கலைக்கழகம் பொதுவாக அப்படி வாங்குவதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கூடுதல் கட்டணமுள்ள படிப்பின் நான்கு செமஸ்டருக்கு 24 லட்சம்.

கட்டணத்தோடு முடிந்தால்கூடச் சமாளிக்கலாம். வாடகைதான் ஆளை உலுக்குகிறது. விசாவுக்காக பிளாக்டு அக்கவுண்டில், அதாவது மாதாமாதம் ஒரு பகுதியை மட்டுமே எடுக்கக்கூடிய கணக்கில், போடும் தொகை எந்த ஊருக்குப் போனாலும் ஒன்றே: ஆண்டுக்கு 11,904 யூரோ, மாதத்துக்கு 992. மியூனிக்கில் பகிர்ந்து தங்கும் வீட்டில் ஓர் அறைக்கே சராசரியாக 800 யூரோ ஆகிறது. மாணவர் மருத்துவக் காப்பீட்டுக்குச் சுமார் 140. சாப்பாட்டுக்கும் போக்குவரத்துக்கும் மீதி ஐம்பது சொச்சம்! மாணவர் விடுதி மலிவுதான். இடம் கிடைக்க நெடுநாள் காத்திருக்க வேண்டும்.

கிழக்கே சாக்சனி மாநிலத்தில் இருக்கிறது கெம்னிட்ஸ். 1990 வரை கார்ல் மார்க்ஸ் நகரம் என்று பெயர். இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகு தொழிற்சாலைகள் மூடின, ஆட்கள் வெளியேறினார்கள், வீடுகள் காலியாகின. அறை வாடகை இன்று மியூனிக்கில் இருப்பதில் பாதிகூட இல்லை. அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் எம்பெடட் சிஸ்டம்ஸ், ஆட்டோமோட்டிவ் சாஃப்ட்வேர் போன்ற படிப்புகள் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. செமஸ்டருக்குச் சில நூறு யூரோ பங்களிப்புத் தொகை உண்டு, அவ்வளவுதான். இயந்திரக் கருவி ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் ஒன்றும் அந்த ஊரிலேயே இருக்கிறது.

வாடகை வித்தியாசத்தை மாதம் 400 யூரோ என்று வைத்தாலும் இரண்டு ஆண்டில் ஒன்பதரை லட்சத்துக்கு மேல். கட்டணத்தையும் சேர்த்தால் 33 லட்சம். பத்து சதவீத வட்டிக்கு அதைக் கடனாக வாங்கினால், வட்டி மட்டும் மாதம் 27,500 ரூபாய். வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துவிட்டு அனுப்புகிற பெற்றோருக்கு இது வெறும் எண் அல்ல.

"பெரிய பெயர் இருந்தால்தானே பெரிய சம்பளம்?" என்று கேட்பார்கள். அமெரிக்கப் பொருளியலாளர்கள் ஸ்டேசி டேலும் ஆலன் குரூகரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் ஆராய்ந்தது. பெரிய கல்லூரியில் இடம் கிடைத்தும் சாதாரணக் கல்லூரிக்குப் போனவர்கள், பெரிய இடத்தில் படித்தவர்களுக்கு இணையாகவே சம்பாதித்தார்கள். ஆனால் வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய கல்லூரி உண்மையிலேயே கைகொடுத்தது. அமெரிக்காவில் கிடைத்த முடிவு ஜெர்மனிக்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் இதை மனதில் வைத்து, டி.யூ.எம். தரும் கட்டணச் சலுகைக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பித்துப் பார்க்காமல் அந்த இடத்தை விட்டுவிடக் கூடாது.

கெம்னிட்ஸுக்கும் குறைகள் உண்டு. 2018-ல் வெளிநாட்டவருக்கு எதிரான கலவரத்தால் செய்தியில் அடிபட்ட ஊர் அது. மியூனிக் அளவுக்குப் பெரிய நிறுவனங்களும் இல்லை. சுற்றுவட்டாரத்தின் சிறு, நடுத்தர நிறுவனங்களில் ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேலை வாங்குவது கடினம். படிப்பு முடிந்ததும் வேலை தேட ஜெர்மனி 18 மாதம் தருகிறது. மொழி தெரியாதவருக்கு அது சீக்கிரம் கரைந்துவிடும். அட்மிட்டுக்காகக் காத்திருக்கும் மாதங்களிலேயே சென்னை நுங்கம்பாக்கத்து கோதே நிலையத்திலோ உள்ளூர் வகுப்பிலோ ஜெர்மன் படிக்கத் தொடங்கிவிடலாம். அதற்கு ஆகும் செலவு, மிச்சமாகும் 33 லட்சத்தில் ஒரு சிறு துளி.