பாஸ் ஆயாச்சு, அடுத்து என்ன?

முதியோர் கல்வி என்றதும் நமக்கு அறிவொளி இயக்கமும், கையெழுத்துப் போடப் பழகிய பாட்டிகளும்தான் நினைவுக்கு வருவார்கள். அமெரிக்காவில் அதே சொல்லுக்குள் வருகிற ஆள் கொஞ்சம் வேறு. பத்தாவதோ பதினொன்றாவதோ படிக்கும்போது பள்ளியை விட்டவர். இப்போது வயது 25 அல்லது 35. பகலில் கடையிலோ கிடங்கிலோ வேலை, ராத்திரி வகுப்பு. கூடவே, ஆங்கிலம் கற்றுக்கொள்ள வரும் குடியேறிகள். இவர்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஆனால் தெரிந்த அளவு அடுத்த படிக்குப் போதுமா என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்விக்குப் பதிலாக 2013 ஏப்ரலில் அமெரிக்கக் கல்வித்துறை ஓர் ஆவணம் வெளியிட்டது. 'முதியோர் கல்விக்கான கல்லூரி மற்றும் பணித் தயார்நிலைத் தரநிலைகள்' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். பெயரைப் பார்த்தால் தூக்கம்தான் வரும். ஆனா அதுக்குப் பின்னாடி ஒரு பெரிய ஏமாற்றத்தின் கதை இருக்கு.

சமம் என்றால் எதற்குச் சமம்?

கதை ஜிஇடி என்ற தேர்விலிருந்து தொடங்குகிறது. பள்ளியை முடிக்காதவர்கள் எழுதி, பள்ளியிறுதிச் சான்றிதழுக்கு 'சமமான' சான்றிதழ் வாங்கும் தேர்வு. நம்ம ஊர் தனித்தேர்வர்கள் பள்ளி மாணவர்கள் எழுதும் அதே பொதுத்தேர்வைத்தான் எழுதுவார்கள். ஜிஇடி அப்படி இல்லை, தனியாக வடிவமைத்த ஒரு தேர்வு. 1942-ல் இரண்டாம் உலகப்போர் வீரர்களுக்காக உருவாக்கப்பட்டது. படிப்பை நடுவில் விட்டுவிட்டுப் போருக்குப் போனவர்களை மறுபடியும் பள்ளி பெஞ்சில் உட்கார வைக்க முடியாதே! 1947-ல் நியூயார்க் மாநிலம் அதைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டது. பிறகு எல்லா மாநிலங்களுக்கும் பரவியது.

இதில் தேர்ச்சிக் கோட்டை எப்படிப் போட்டார்கள் என்பது முக்கியம். பள்ளியை முடிக்கப்போகும் மாணவர்களில் ஒரு மாதிரிக் குழுவைத் தேர்வு எழுதச் சொல்லி, அவர்கள் எடுத்த மதிப்பெண்ணை அடிப்படையாக வைத்துக் கோடு போட்டார்கள். அதாவது அந்தச் சான்றிதழ் சொன்னது, 'பள்ளி முடிப்பவர்களில் கணிசமானவர்களைவிட இவர் மோசமில்லை' என்பதைத்தான். இவரால் கல்லூரிப் பாடப்புத்தகத்தைப் படிக்க முடியுமா, ஒரு தொழிற்பயிற்சியின் கணக்கைப் போட முடியுமா என்று அது கேட்கவே இல்லை. பார்வை முழுக்கப் பின்னோக்கித்தான்.

விளைவு இரண்டு இடத்தில் தெரிந்தது. ஒன்று, வேலைச் சந்தை. பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஹெக்மன் (2000-ல் நோபல் பெற்றவர்) ஸ்டீபன் கேமரனோடு சேர்ந்து 1993-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வேலைச் சந்தையில் ஜிஇடி பெற்ற ஆண்கள் பள்ளி முடித்தவர்களைப் போல இல்லை, பள்ளியை விட்டவர்களைப் போலத்தான் இருக்கிறார்கள் என்பது அதன் சாரம். இரண்டு, சமுதாயக் கல்லூரி. ஜிஇடி தேறிய சந்தோஷத்தோடு போய்ச் சேருவார்கள். அங்கே ஒரு நிலைத்தேர்வு வைப்பார்கள். பலருக்கு 'முதலில் அடிப்படைக் கணக்கு, அடிப்படை எழுத்து வகுப்பை முடிங்க' என்று பதில் வரும். அந்த வகுப்புக்குக் காசு கட்டணும், ஆனா பட்டத்துக்கான கிரெடிட் கிடையாது. கையில் இருந்த உதவித்தொகையும் பொறுமையும் அங்கேயே கரைந்து போகும்.

எத்தனையோ ராத்திரி கண்விழித்துப் படித்து வாங்கின காகிதம், அடுத்த கதவைத் திறக்கலை. ஏமாற்றம்னு சொன்னது இதைத்தான்.

எதை விடுவது என்பதுதான் வேலை

2010-ல் பள்ளிகளுக்காக 'காமன் கோர்' என்ற பொதுத் தரநிலைகள் வந்தன. நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அவற்றை ஏற்றன. 2013 ஆவணம் புதிதாக எதையும் எழுதவில்லை. காமன் கோரை எடுத்து, அதிலிருந்து வயது வந்தவர்களுக்குத் தேவையானதை மட்டும் பொறுக்கியது. வேலையை முன்னின்று நடத்தியவர் சூசன் பிமென்டல். காமன் கோரின் ஆங்கிலப் பகுதியை எழுதியவர்களில் அவரும் ஒருவர். நிபுணர் குழுக்கள் ஒவ்வொரு தரநிலையாக எடுத்து, இது கல்லூரிக்கோ வேலைக்கோ தேவையா, வயது வந்த ஒருவருக்குப் பொருந்துமா என்று பார்த்தன.

மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பதின்மூன்று வருஷத்துப் படிப்பு ஏ, பி, சி, டி, இ என ஐந்து நிலைகளாகச் சுருங்கியது. இதன் அடிப்படையாக ஆங்கிலத்துக்கு மூன்று மாற்றங்களையும் கணக்குக்கு மூன்று மாற்றங்களையும் ஆவணம் சொல்கிறது.

ஆங்கிலத்தில் முதலாவது, படிக்கும் பகுதியின் கடினத்தன்மையைப் படிப்படியாகக் கூட்டுவது. இரண்டாவது, வாசித்ததிலிருந்து ஆதாரம் காட்டிப் பேசுவது, எழுதுவது. மூன்றாவது, வாசிப்பின் வழியாக உலக அறிவைச் சேர்ப்பது. இவற்றில் இரண்டாவதுதான் வகுப்பறையை அதிகம் மாற்றியது. பழைய ஜிஇடி கட்டுரைக்கு 'உங்கள் அனுபவத்திலிருந்து எழுதுங்கள்' வகைத் தலைப்பு போதும். சொந்தக் கதையை ஒழுங்காகச் சொன்னால் தேறிடலாம். புதிய வகையில் இரண்டு பத்திகளைக் கொடுத்து, எது வலுவான ஆதாரத்தோடு வாதிடுகிறது, ஏன் என்று எழுதச் சொல்கிறார்கள். உங்க சொந்தக் கருத்து என்னன்னு யாரும் கேட்கலை. எதிரில் இருக்கிற தாள் என்ன சொல்லுது, அதை நம்பலாமா என்றுதான் கேட்கிறார்கள். ஒரு செவிலிய உதவியாளர் மருத்துவமனையின் விதிமுறைத் தாளைப் படிக்கும்போது செய்ய வேண்டியதும் இதே வேலைதானே.

கணக்கில் குவிப்பு, கோவை, ஆழம் என்ற மூன்றைச் சொல்கிறார்கள். குவிப்பு என்றால் தலைப்புகளைக் குறைத்து, எடுத்ததை நன்றாகச் செய்வது. கோவை என்றால் ஒரு பாடம் அடுத்ததற்கு ஏணியாவது. ஆழம் என்றால் கருத்துப் புரிதல், கையில் வேகம், நிஜச் சிக்கலில் பயன்பாடு மூன்றையும் சமமாகப் பிடிப்பது.

கோவைக்கு ஒரு சின்ன உதாரணம். தரை துடைக்கும் கிருமிநாசினியை ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் விட்டுக் கலக்கச் சொல்கிறார்கள். இது விகிதம். கலவையில் மருந்து எவ்வளவு? பத்தில் ஒன்று, அதாவது 10 சதவீதம். 3 லிட்டர் கலவைக்கு? 300 மில்லி. எத்தனை லிட்டர் கேட்டாலும் சொல்ல ஒரே சூத்திரம் வேணும்னா, மருந்து = 0.1 × கலவை. இதை வரைபடமாகப் போட்டால் ஒரு நேர்கோடு. விகிதம், பின்னம், சதவீதம், இயற்கணிதம், வரைபடம் என்று ஐந்து அத்தியாயமாகப் பிரித்து நடத்தியது எல்லாம் உண்மையில் ஒரே எண்ணம்தான். நேரமில்லாத மாணவருக்கு இந்தத் தொடர்பைக் காட்டினால் பாதிப் பாடம் மிச்சம்.

கோடு ஏறியது, கொஞ்சம் இறங்கியது

2014 ஜனவரியில் புதிய ஜிஇடி வந்தது. அமெரிக்கக் கல்விக் குழுமமும் பியர்சன் நிறுவனமும் 2011-ல் கைகோர்த்து உருவாக்கிய வடிவம். முழுக்கக் கணினியில் எழுத வேண்டும். ஐந்து தாள்கள் நான்காகின. கட்டணம் பல மாநிலங்களில் 120 டாலர். பழைய வடிவில் சில தாள்களை மட்டும் தேறியிருந்தவர்களின் மதிப்பெண்கள் செல்லாமல் போயின. அதனால் 2013 கடைசியில் தேர்வு மையங்களில் பெரும் கூட்டம். மறு வருஷம் தேறியவர்களின் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது.

இந்தச் சரிவுக்குக் கடினத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. பலர் முந்தைய வருஷமே எழுதிவிட்டார்கள். சில மாநிலங்கள் ஹைசெட், டாஸ்க் என்ற போட்டித் தேர்வுகளுக்கு மாறின. 1947-ல் கதவைத் திறந்த நியூயார்க்கே 2014-ல் டாஸ்க்குக்குப் போனது. ஆனாலும் கோடு உயர்ந்திருந்தது என்பதில் சந்தேகமில்லை. 2016 ஜனவரியில் ஜிஇடி நிறுவனமே தேர்ச்சி மதிப்பெண்ணை 150-லிருந்து 145-ஆகக் குறைத்தது. கூடவே மேலே இரண்டு கோடுகள் போட்டது. 165 எடுத்தால் 'கல்லூரிக்குத் தயார்'. 175 எடுத்தால் 'கல்லூரிக்குத் தயார், கிரெடிட்டும் பெறலாம்'.

இந்த மூன்று எண்களையும் ஒரு நிமிஷம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 145, 165, 175. பள்ளி முடித்தவருக்குச் சமம் என்பதும் கல்லூரிக்குத் தயார் என்பதும் வேறு வேறு என்று தேர்வு நடத்துபவர்களே எழுத்தில் ஒப்புக்கொண்ட இடம் அது. ரொம்ப வருஷமாக ஒரே சான்றிதழுக்குள் மறைந்திருந்த இடைவெளிக்கு ஒரு நீளம் தெரிஞ்சது.

சட்டமும் இதே திசையில் நகர்ந்தது. 2014 ஜூலையில் வந்த வயோவா என்ற தொழிலாளர் மேம்பாட்டுச் சட்டம், மாநிலங்கள் 2016 ஜூலை 1-க்குள் தங்கள் முதியோர் கல்வித் தரநிலைகளைப் பள்ளித் தரநிலைகளோடு பொருத்த வேண்டும் என்றது. அதே சட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு விதி உண்டு. ஒரு மாணவர் பள்ளியிறுதிக்குச் சமமான சான்றிதழ் வாங்கினால் மட்டும் அது மையத்தின் சாதனைக் கணக்கில் சேராது. வெளியேறிய ஒரு வருஷத்துக்குள் அவர் வேலையிலோ மேற்படிப்பிலோ இருந்தால்தான் சேரும். பாஸ் ஆயாச்சா என்று கேட்ட அரசு, அடுத்து என்ன ஆச்சு என்று கேட்க ஆரம்பித்தது.

கடிகாரம் மட்டும் மாறலை

எல்லாம் சரிதான். ஆனால் ஒரு சாதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம். அங்கே பள்ளி மாணவருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் வருஷத்துக்கு 180 நாள். ஒரு நாளுக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தால் 1,080 மணி. இரவு வகுப்பு வாரத்துக்கு இரண்டு நாள், தலா இரண்டு மணி, 36 வாரம் என்று வைத்தால் 144 மணி. அதுவும் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தால். குழந்தைக்குக் காய்ச்சல், கடையில் ஷிப்ட் மாற்றம், வண்டி ரிப்பேர் என்று எதுவுமே நடக்காவிட்டால். தரநிலையை உயர்த்தும்போது இந்த 144 மணி உயரலை. அதனால் பொருத்துதல் என்பது பள்ளிப் பாடம் முழுவதையும் இரவு வகுப்பில் கொட்டுவது என்று புரிந்துகொண்டால், கதவுக்கு இன்னொரு பூட்டு போட்ட மாதிரிதான் ஆகும்.

ஹெக்மனின் எச்சரிக்கையும் இங்கே பொருந்தும். ஜிஇடி பெற்றவர்கள் பின்தங்கியதற்கு அவர் சொன்ன காரணம் அறிவுக் குறைவு இல்லை. விடாமுயற்சி, ஒழுங்காகத் தொடர்வது போன்ற, தேர்வு அளக்காத குணங்கள் என்றார். தேர்வைக் கடினமாக்கினால் மட்டும் அவை வளர்ந்துவிடாது.

வாஷிங்டன் மாநிலம் இதற்கு வேறு வழி பார்த்தது. 2004 வாக்கில் அங்கே சமுதாயக் கல்லூரிகளில் தொடங்கிய ஐ-பெஸ்ட் திட்டத்தில் ஒரே வகுப்பில் இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் தொழில் கற்றுத் தருபவர் (செவிலிய உதவி, வெல்டிங் என்று எதுவாகவும் இருக்கலாம்). இன்னொருவர் அடிப்படைக் கல்வி ஆசிரியர். குறைந்தது பாதி நேரமாவது இருவரும் சேர்ந்தே நடத்த வேண்டும். மாணவர் முதலில் கணக்கை முடித்துவிட்டு அப்புறம் தொழிலுக்கு வரவேண்டியதில்லை. மருந்தளவைக் கற்கும்போதே விகிதமும் வரும், அதற்குக் கல்லூரி கிரெடிட்டும் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சமுதாயக் கல்லூரி ஆய்வு மையம் இதை ஆராய்ந்தது. இவர்களைப் போன்ற மற்ற மாணவர்களைவிட ஐ-பெஸ்ட் மாணவர்கள் அதிகம் கிரெடிட் சேர்த்தார்கள், தொழிற்சான்றிதழ் பெறும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது என்று கண்டார்கள். இரண்டு ஆசிரியர் என்றால் செலவு கூடும், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே மணி நேரத்தை இரண்டு தடவை பயன்படுத்துகிற தந்திரம் இதில் இருக்கு. அதே 144 மணிதான், அதற்குள் இரண்டு வேலை நடக்கிறது.

இதையெல்லாம் படித்து முடித்ததும் எனக்குத் தோன்றியது இவ்வளவுதான். 2013 ஆவணத்தின் உண்மையான பலம் அது சேர்த்ததில் இல்லை, விட்டதில் இருக்கிறது. பதின்மூன்று வருஷப் பாடத்தில் எதை விட்டாலும் ஒருவர் அடுத்த கதவைத் தாண்டிவிடுவார், எதை விட்டால் அங்கேயே நின்றுவிடுவார் என்று யாரோ பொறுமையாக உட்கார்ந்து பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பிரிப்பை மறந்துவிட்டு மதிப்பெண் கோட்டை மட்டும் உயர்த்தினால், பழைய ஏமாற்றம் வாசலிலிருந்து படிக்கட்டுக்கு இடம் மாறும், அவ்வளவே.

ராத்திரி எட்டரைக்கு வேலை உடையோடவே வகுப்புக்கு வந்து உட்கார்றவருக்கு 'தரநிலை'ங்கிற வார்த்தையே தெரிஞ்சிருக்காது. அவருக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். இன்னைக்கு நான் படிக்கிறது, நான் போகணும்னு நினைக்கிற இடத்துல கேட்பாங்களா, மாட்டாங்களா? அந்தக் கேள்விக்கு ஆசிரியர் நேர்மையாக 'கேட்பாங்க' என்று சொல்ல முடிந்தால், பொருத்துதல் நடந்துவிட்டது என்று அர்த்தம்.