கோழிக்கு வலிப்பா? கத்தியைக் கீழே போடுங்கள்!

சென்னை வண்ணாரப்பேட்டை. ஒண்டுக்குடித்தன வீடு. மாடி அறையில் ஒரு நாட்டுக்கோழி வளர்கிறது. முட்டை போடுகிற கோழி.

பகல் 12 மணி இருக்கும். கோழி திடீரென்று சிமெண்டுத் தரையில் ஒருக்களித்துச் சாய்ந்தது. காலை உதைத்தது. இறக்கையைப் படபடவென்று அடித்தது. கண் பாதி மூடிக்கொண்டது.

"ஐயோ, கோழிக்கு வலிப்பு வந்துடுச்சே!" என்று வீட்டுக்கார அம்மாள் அலறினார். அக்கம்பக்கம் கூடிவிட்டது.

"வெள்ளைக் கழிச்சலா இருக்கும். சாகறதுக்குள்ளே அறுத்துடுங்க" என்றார் ஒருவர். கத்தியும் வந்துவிட்டது!

அப்போது கீழ்வீட்டுப் பாட்டி குறுக்கே பாய்ந்தார். "கையை எடும்மா! அது சாகல, குளிக்குது. மண்ணு இல்லாம வெறுந்தரையிலே குளிக்குது!"

சிறிது நேரத்தில் கோழி எழுந்தது. உடம்பை ஒரு உதறு உதறியது. அரிசி பொறுக்கப் போய்விட்டது!

மண் குளியல் ஏன்?

கோழி மண்ணில்தான் குளிக்கும். வால் முளைக்கும் இடத்தில் அதற்கு எண்ணெய்ச் சுரப்பி உண்டு. அந்த எண்ணெயை அலகால் எடுத்து இறகில் பூசிக்கொள்ளும். நாளானால் பிசுக்கு ஏறும். மண்தூள் அதை உறிஞ்சிவிடும். பேன் தொல்லையும் குறையும். ஏறக்குறைய இரண்டு நாளைக்கு ஒருமுறை, அரைமணி நேரம் வரை குளிக்கும். பெரும்பாலும் நடுப்பகலில்தான்.

மண் இல்லாவிட்டாலும் ஆசை விடாது. சிமெண்டிலும் கம்பி வலையிலும் வீணாகப் புரளும். பிசுக்குப் போகாது.

ஐரோப்பிய நாடுகளில் இது சட்டம் வரை போனது. 1999-ல் உத்தரவு வந்தது. 2012 ஜனவரி 1 முதல் வெறும் கம்பிக் கூண்டில் முட்டைக்கோழி வளர்க்கத் தடை. கிளறவும் கொத்தவும் தூள் பரப்பிய இடம் வேண்டும் என்பது விதி.

செலவே இல்லை!

ஓட்டை அன்னக்கூடையோ பழைய டயரோ போதும். கோழி இறக்கையை விரிக்க இடம் வேண்டும். காய்ந்த மண்ணும் மணலும் நாலு விரல் ஆழத்துக்கு மேல் கொட்டுங்கள். நன்றாக ஆறிய விறகுச் சாம்பல் கொஞ்சம் கலக்கலாம். ஜன்னல் வெயில் படும் இடத்தில் வையுங்கள்.

எச்சத்தை அன்றாடம் அள்ளுங்கள். நனைந்தால் மாற்றிவிடுங்கள். ஈரச் சாம்பல் தோலைப் புண்ணாக்கும். பிளாஸ்டிக் எரித்த சாம்பல் கூடவே கூடாது. எறும்புப் பொடியும் போடாதீர்கள். கோழி அதைக் கொத்தித் தின்னும்! இரவில் மூடி வையுங்கள். இல்லாவிட்டால் பூனை அசிங்கம் செய்துவிடும்.

நோய் என்றால்?

குளித்த கோழி எழுந்து உதறிவிட்டு இரை தேடும். நோய்க் கோழி தூங்கி வழியும். இரை எடுக்காது. கழுத்து முறுக்கிக்கொண்டாலோ, பச்சையாகக் கழிந்தாலோ உடனே கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மறுநாள் அந்த வீட்டுக்குப் போனோம். பழைய அன்னக்கூடையில் மண். அதற்குள்ளே கோழி. ஒரே புழுதி!

கத்தி? அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது!