சேற்றில் உறங்கும் முட்டைகள்

வெள்ளகோவில் வட்டாரத்துக் குளங்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஆண்டில் பல மாதங்கள் அவற்றில் நீர் இராது. அடிச்சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதில் ஆடுகள் நடமாடும். ஐப்பசி மழை பெய்து முழங்காலளவு நீர் நின்றால் போதும். சில நாட்களில் சின்னஞ்சிறு உயிர்கள் அதில் துள்ளித் திரியும். இவை எங்கிருந்து வந்தன? காற்றும் பறவைகளும் சிலவற்றைக் கொண்டு வரலாம். ஆனால் பல, அந்தச் சேற்றிலேயே முட்டையாக உறங்கிக் கிடந்தவை.

உறங்கும் முட்டை

டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளை எடுத்துக்கொள்வோம். இது இறாலைப் போலவே ஓட்டுடலி வகையைச் சேர்ந்தது. ஓரிரு மில்லிமீட்டர் நீளமே இருக்கும். பாசியைத் தின்னும், மீன் குஞ்சுகளுக்கு இரையாகும். நல்ல காலத்தில் பெண் டாஃப்னியா ஆணின் துணையின்றியே பெண் குஞ்சுகளை ஈனும். உணவு குறைந்து, நெருக்கடி வந்தால் ஆண்களும் தோன்றும். அப்போது உண்டாகும் கருவுற்ற முட்டைகள் குதிரைச் சேணம் போன்ற ஓர் உறையில் பத்திரமாக மூடப்பட்டுச் சேற்றில் படியும். வறட்சி, குளிர் எதையும் அவை தாங்கும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து ஏரியொன்றில் சுமார் 600, 700 ஆண்டுகள் பழமையான முட்டைகளையும் பொரிக்கச் செய்ததாக 2014இல் அறிவியலார் அறிவித்தனர்!

சேறு என்னும் நாட்குறிப்பு

ஏரியின் அடியில் ஆண்டுதோறும் புதிய படிவு சேர்கிறது. ஆழம் கூடக்கூட வயதும் கூடும். வயதை அறிவது எப்படி? இங்கே இயற்பியல் உதவுகிறது. அணுகுண்டுச் சோதனைகளால் சீசியம்-137 என்னும் கதிரியக்கப் பொருள் உலகெங்கும் பரவியது. அது மிக அதிகமாகப் படிந்த ஆண்டு 1963. எந்த அடுக்கில் சீசியம் உச்சத்தில் உள்ளதோ, அது ஏறக்குறைய அந்த ஆண்டுச் சேறு.

ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா எல்லையில் உள்ள கான்ஸ்டன்ஸ் ஏரியில் 1960, 70களில் கழிவுநீரின் பாஸ்பரஸ் பெருகியது. அதனால் நச்சுள்ள நீலப்பச்சைப் பாசியும் பெருகியது. நெல்சன் ஹேர்ஸ்டனும் குழுவினரும் வெவ்வேறு கால அடுக்குகளின் முட்டைகளைப் பொரிக்கச் செய்து, குஞ்சுகளுக்கு அந்தப் பாசியை உணவோடு கொடுத்தனர். 1960களின் முட்டைகளிலிருந்து வந்தவற்றின் வளர்ச்சி பெரிதும் குன்றியது. 1970களின் இறுதியைச் சேர்ந்தவை ஓரளவு நன்றாகவே வளர்ந்தன. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்த இனமே மாறிவிட்டது! பரிணாமத்திற்கு எப்போதும் இலட்சக்கணக்கான ஆண்டுகள் தேவை என்ற எண்ணத்தை 1999இல் வெளிவந்த இந்த ஆய்வு அசைத்தது.

உப்பும் நொய்யலும்

நம் ஊருக்கு வருவோம். துணிக்குச் சாயமேற்ற நிறைய உப்பு தேவை. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியதும், பாசனம் கெட்டதும் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். கழிவை முற்றிலும் தடுக்காத சாய ஆலைகளை மூட 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது.

உப்புக்கும் டாஃப்னியா பழகிவிடுமா? அமெரிக்காவில் 2017இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டரை மாதத்தில், ஐந்து முதல் பத்துத் தலைமுறைக்குள், அவை உப்பைத் தாங்கும் திறன் பெற்றன. "அப்படியானால் கழிவால் கவலையில்லை" என்று சொல்லலாமா? கூடாது. அந்தத் திறனோடு அவற்றின் உடலிலுள்ள பகல் இரவுக் கடிகாரம் கெட்டுப் போனதும் தெரிந்தது. மேலும் டாஃப்னியாவின் தலைமுறை ஓரிரு வாரம். கெண்டை மீனுக்கோ அதைவிட மிக நீண்டது. விரைந்து மாறும் உயிர் தப்பிக்கும். மெதுவாக மாறுவது அழியும்.

நீங்களே செய்து பாருங்கள்

கழிவு கலக்காத குளத்தின் காய்ந்த மேற்சேற்றை இரண்டு கண்ணாடிச் சாடிகளில் சம அளவு இடுங்கள். ஒன்றில் மழைநீர், மற்றதில் லிட்டருக்கு ஐந்து கிராம் உப்பு கரைத்த மழைநீர். கடும் வெயில் படாத, வெளிச்சமான இடத்தில் வையுங்கள். இரண்டு வாரம் நாள்தோறும் உருப்பெருக்கும் கண்ணாடியால் பார்த்து, கண்ட உயிர்களை எண்ணிக் குறித்து வாருங்கள். பின் கைகளைச் சோப்பால் கழுவுங்கள்.

பல ஆண்டுகள் வறண்டு கிடந்த வட்டமலைக்கரை ஓடை அணைக்கு 2021இல் நீர் வந்தது. அதன் சேற்றிலும் நொய்யல் அணைகளின் சேற்றிலும் என்னென்ன எழுதியிருக்கிறதோ! அதைப் படித்து முனைவர் பட்டம் பெறப் போகிறவர் உங்களில் ஒருவராகவே இருக்கலாம்.