பெருநாடியும் மீன் முள்ளும்

இதயத்தின் இடப்புறத்தினின்று புறப்பட்டு உடலெங்கும் குருதியை வழங்கும் தலைமைக் குழாய் பெருநாடி எனப்படும். ஓய்ந்திருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 இலீற்றர் குருதியை அதனுட் செலுத்துகின்றது. அவ்விசையை வாழ்நாள் முழுவதும் தாங்கும் அதன் சுவர் மூன்று படைகளால் ஆயது. அச்சுவர் கிழியுமாயின் சில நிமிடங்களில் உயிர் பிரிதலுங் கூடும்.

சுவரிற் கொழுப்புப் படிந்து நலிதல், உயர் குருதியமுக்கம், வாகன விபத்தில் மார்பு மோதுண்ணல் என்பன அக்கிழிவுக்குப் பெருவழக்கான காரணங்களாம். விஞ்ஞானி ஐன்ஸ்ரைனின் வயிற்றுப் பெருநாடி புடைத்திருந்தமை 1948 ஆம் ஆண்டுச் சத்திரசிகிச்சையிற் காணப்பட்டது. ருடோல்ப் நிசன் என்னும் வைத்தியர் அப்புடைப்பைச் செலோபேன் தாளாற் சுற்றிவைத்தார். அது பின்னர் வெடித்தமையால், 1955 ஏப்பிரில் 18 ஆம் திகதி ஐன்ஸ்ரைன் காலமானார்.

அருகி நிகழும் காரணங்களும் சில உள. அவற்றுள், மீனுணவு மிக்க நம் தீவினர் சிறப்பாக அறியத்தக்கது, விழுங்கப்பட்ட மீன் முள்ளாற் பெருநாடி துளைபடுதலாகும். தொண்டையில் உண்ட முள் மார்பினுள் இருக்கும் நாடியை எங்ஙனம் தீண்டும் என ஐயுறுவார்க்கு உடலமைப்பே விடை கூறும். உணவுக்குழாய் மார்பினுள் இறங்குமிடத்தே பெருநாடியின் வளைவு அதனை ஒட்டிக் கடக்கின்றது. அவ்விடத்திற் குழாய் சிறிது ஒடுங்குதலின், கூரிய முள் அங்குத் தங்குதல் கூடும். தங்கிய முள் குழாய்ச் சுவரைத் துளைக்க, அத்துளைவழிக் கிருமிகள் பரவிச் சீழ் உண்டாக, அருகிலுள்ள நாடியின் சுவரும் நாளடைவில் அரிக்கப்படுகின்றது.

இந்நோயின் போக்கை ஒஸ்திரிய நோயியலறிஞர் ஹான்ஸ் கியாரி 1914 இல் மூன்று குறிகளாக வகுத்துரைத்தார். முதலாவது, நடுமார்பில் நோவு. இரண்டாவது, வாய்வழியே செந்நிறக் குருதி சிறிது வெளிப்படல். மூன்றாவது, இடையே நோயின்றி இருந்தபின் பெருங்குருதி பெருகி உயிர் நீங்குதல். சிறு கசிவு குருதிக்கட்டியால் அடைபடுவதாலேயே அவ்விடைவேளை உண்டாகின்றது. அது சில மணித்தியாலமாகவும் இருக்கலாம். சில நாட்களாகவும் நீளலாம். நோய் நீங்கிற்றென வீட்டார் மகிழும் அக்காலமே உயிரைக் காத்தற்கு உரிய காலமாகும்.

விழுங்கிய முட்களுட் பெரும்பாலன தீங்கின்றிக் கழிவன. ஆதலின் வீண் அச்சம் வேண்டா. எனினும், தெமட்டகொடையிலும் பிற ஊர்களிலும் முள் சிக்கியவர்க்குச் சோற்றுருண்டையோ வாழைப்பழமோ விழுங்கக் கொடுக்கும் வழக்கம் இன்றும் உண்டு. அது முள்ளை ஆழமாகத் தள்ளிவிடவுங் கூடும். விழுங்கும்போது நோவு நீடிப்பினும், மார்பில் நோவு தோன்றினும், சிறிதளவு குருதி உமிழினும் தாமதியாது வைத்தியசாலை செல்லல் வேண்டும். முள் விழுங்கிய செய்தியையும் வைத்தியர்க்கு மறவாது கூறல் வேண்டும். சாதாரண எக்ஸ்ரே படத்தில் மீன் முள் பலகாலும் புலப்படாது, சி.ரி. படம் அதனைத் தெளிவாகக் காட்டவல்லது. உரிய காலத்திற் கண்டறியின் முள்ளை அகற்றவும், துளைபட்ட நாடியினுட் செயற்கைக் குழாய் பொருத்தவும் இன்றைய வைத்தியம் வழி கண்டுள்ளது. உடலியல் பயிலும் மாணவர் இச்செய்தியைத் தம் இல்லத்தார்க்கும் எடுத்துரைப்பாராக.