10 மாத அட்வான்ஸும் 11 மாத அக்ரிமெண்ட்டும்

சென்னையில் வாடகை வீடு தேடுகிறவர் மாத வாடகையைவிட அட்வான்ஸை நினைத்துத்தான் அதிகம் மலைத்துப்போகிறார். மாதம் ரூ.15,000 வாடகை என்றால், 10 மாதக் கணக்கில் ரூ.1.5 லட்சம் கொடுத்தால்தான் சாவி கைக்கு வரும். கூடவே முத்திரைத்தாளில் 11 மாதத்துக்கு ஓர் அக்ரிமெண்ட். பல வீடுகளில் அதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான்.

வாடகை, அட்வான்ஸ், பழுது, காலி செய்தல் எல்லாவற்றுக்கும் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. 2017இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பிருந்த 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் ‘நியாய வாடகை’யை நிர்ணயிக்கக் கேட்டு வழக்குப் போடலாம். புதிய சட்டமோ வாடகை எவ்வளவு என்பதை இருவரும் பேசி முடிவு செய்யும் ஒப்பந்தத்துக்கே விட்டுவிட்டது. அதனால் குடியிருப்பவருக்கு இன்று பாதுகாப்பு என்றால் அது அந்த ஒப்பந்தம்தான்.

அது ஏன் 11 மாதம்? ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைகளைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்கிறது 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் ஒரு மாதத்தைக் குறைத்து எழுதும் வழக்கம் வந்தது. ஆனால் 2017ஆம் ஆண்டுச் சட்டத்திடம் இந்த உத்தி செல்லாது. எத்தனை மாதமானாலும் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். இவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி, சார்பதிவாளர் அல்ல. உரிமையாளர்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பதில்லை, குடியிருப்பவரும் விண்ணப்பிக்கலாம். இது பலருக்குத் தெரிவதில்லை.

எழுதிக்கொள்ளாமல் விட்டால் என்ன ஆகும்? ஒப்பந்தம் போடவில்லை என்பதையே காரணமாகக் காட்டி, வீட்டைக் காலி செய்து தரும்படி வாடகை நீதிமன்றத்தை உரிமையாளர் நாடலாம். நம்பிக்கையின் பேரில் பல ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருப்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். வாடகையை ஒரு மாதம்கூடத் தவறவிடாதவர்களுக்கும் இந்த நிலை வருவது உண்மையிலேயே கொடுமை.

அட்வான்ஸ் விஷயத்தில் சட்டம் சொல்லும் உச்சவரம்பு மூன்று மாத வாடகை. பலரும் இதோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். ‘ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்பட்டிருந்தால் தவிர’ என்றும் அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. 10 மாத அட்வான்ஸுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு மூன்று மாத வரம்பைக் காட்டி வாதாடுவது கடினம். வரம்பு விதித்த கையோடு அதைத் தாண்டவும் வழிவிட்டிருப்பது இந்தச் சட்டத்தின் பெரிய பலவீனம் என்றே நினைக்கிறேன். காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கி போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது.

அந்தப் ‘பாக்கி’யில்தான் தகராறே தொடங்குகிறது. பெயிண்டிங் காசு, பைப் ரிப்பேர் என்று அட்வான்ஸ் கரைந்துபோவதைப் பார்க்கிறோம். யார் எதைச் செய்ய வேண்டும் என்று சட்டத்தின் அட்டவணையே பிரித்து வைத்திருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு பெயிண்ட், தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, வயரிங், கட்டடத்தின் பெரிய பழுதுகள் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. குழாயின் வாஷர், சுவிட்ச், பூட்டு, உடைந்த ஜன்னல் கண்ணாடி, அடைத்துக்கொண்ட சாக்கடை ஆகியவை குடியிருப்பவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை இதுதான் கணக்கு. ஆகவே “காலி செய்யும்போது பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்ளப்படும்” என்ற வரி அக்ரிமெண்ட்டில் இருந்தால் கையெழுத்துக்கு முன்பே பேசி நீக்கச் சொல்லுங்கள்.

தகராறு முற்றினால் தண்ணீர் மோட்டாரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது என்று இறங்கும் உரிமையாளர்கள் உண்டு. சட்டம் இதை அறவே தடுக்கிறது. புகார் கொடுத்தால், விசாரணை முடியும்வரை காத்திருக்காமல் இணைப்பை உடனே திருப்பித் தரச் சொல்லி உத்தரவிட வாடகை அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது.

உரிமையாளருக்கும் இதில் பாதுகாப்பு இருக்கிறது. இரண்டு மாத வாடகை நின்று, நோட்டீஸ் கொடுத்து ஒரு மாதமாகியும் கட்டாவிட்டால் காலி செய்யக் கேட்டு வழக்குப் போடலாம். அப்படிப்பட்ட வழக்கில் வாடகை கட்டியதற்குச் சான்று ரசீதும் வங்கிக் கணக்கும்தான். கையில் ரொக்கமாகக் கொடுப்பவர்கள் ஒவ்வொரு மாதமும் கையெழுத்திட்ட ரசீதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.