தொங்கும் பாரத்தின் கீழே நில்லாதிருங்கள்

உங்கள் வீட்டில் யாராவது கட்டுமானத் தளத்தில் வேலை செய்கிறாரா? கொத்தனாராகவோ, கம்பி கட்டுபவராகவோ, மேற்பார்வையாளராகவோ இருக்கலாம். "கிரேன் வேலைக்கும் எனக்கும் சம்பந்தமில்லை" என்று அவர் சொல்வாரானால், இக்கட்டுரை முதலாவது அவருக்கே உரியது. பாரம் விழும்போது அதன் கீழே அகப்படுகிறவர் பல வேளைகளில் வேறொரு வேலையாக அவ்வழியே நடந்து சென்றவரே.

2023 ஆகஸ்ட் 1 அதிகாலையில், மும்பையை அடுத்த தானே மாவட்டத்தின் ஷாப்பூரில், சம்ருத்தி விரைவுச் சாலையின் பாலப் பணியில் கர்டர்களைத் தூக்கி வைக்கும் ராட்சத இயந்திரம் சரிந்தது. 20 பேர் மாண்டனர். பிழைப்புக்காகத் தமிழகத்திலிருந்து சென்றவர்களும் அவர்களுள் இருந்தனர். அதற்குச் சரியாக மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 2020 ஆகஸ்ட் 1 அன்று, விசாகப்பட்டினம் கப்பல் கட்டும் தளத்தில் புதிய கிரேனைச் சோதித்துப் பார்க்கையில் அது சாய்ந்து 11 பேரின் உயிரைக் கொண்டுபோயிற்று. டில்லியிலோ, 2009 ஜூலை 12 அன்று மெட்ரோ பாலம் இடிந்து விழ, மறுநாள் இடிபாடுகளை அகற்ற வந்த கிரேன்களே கவிழ்ந்தன.

இத்தனை பெரிய இயந்திரம் எப்படிச் சாய்கிறது? "50 டன்" என்று அதன் பக்கவாட்டில் எழுதியிருப்பதைக் கண்டு, எந்நிலையிலும் அது 50 டன்னைத் தூக்கும் என்று எண்ணிவிடுகிறோம். நீர் நிறைந்த குடத்தை இடுப்போடு அணைத்துக்கொள்வது எளிது. அதையே கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். கிரேனின் கரமும் அப்படியே. நீள நீள, தூக்கும் திறன் வெகுவாகக் குறைந்துபோகும். போதாக்குறைக்கு, அவுட்ரிகர் என்னும் அதன் ஊன்றுகால்களைப் பள்ளம் தோண்டி மூடிய பொதுமண்ணின்மேல் பலகையின்றி ஊன்றினால், முதல் மழைக்கே கால் இறங்கிவிடும்.

பாரத்தைக் கட்டும் ஸ்லிங்கிலும் ஒரு கணக்கு உண்டு. 1 டன் பாரத்தை இரு கால்களுள்ள ஸ்லிங்கில் தூக்கும்போது, கால்கள் கிடைமட்டத்திலிருந்து 60 பாகையில் நின்றால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 580 கிலோ விசையைத் தாங்கும். அதே கால்கள் 30 பாகைக்குப் படிந்துவிட்டால் ஒவ்வொன்றும் முழு 1 டன்னைத் தாங்கவேண்டும்! பாரம் கூடவில்லை, ஸ்லிங் மட்டும் அறுந்துபோகிறது. கீழே நிற்பவருக்கு இது எப்படித் தெரியும்?

ஆகவே நிற்கும் இடத்தைக் குறித்து ஜாக்கிரதையாயிருங்கள். தொங்கும் பாரத்தின் கீழே ஒரு நிமிடமும் வேண்டாம். கிரேன் சுழலும்போது அதன் பின்புற எடைக்கும் சுவருக்கும் நடுவே செல்லாதிருங்கள். அந்த இடைவெளி கண்ணிமைக்கும் நேரத்தில் அடைபட்டுவிடும். நம் ஊர்த் தளங்களில் எங்கும் காணும் ஹைட்ரா, பாரத்தைச் சுமந்தபடியே நகருவது. பாரம் ஆடாதபடி கயிற்றைப் பிடித்துக்கொண்டு அதன் முன்னே நடப்பவர் இடறி விழுந்தால், ஓட்டுநர் கண்ணுக்குப் படமாட்டார். பக்கவாட்டில், எட்டி நடக்கவேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது. கரம் மின்கம்பியைத் தொட்டுவிட்டதோ, உதவி செய்கிற எண்ணத்தில் ஓடிப்போய்க் கிரேனைத் தொடாதிருங்கள். மின்சாரம் துண்டிக்கப்படும்வரை விலகி நில்லுங்கள்.

ஊரிலிருந்து புதிதாய் வந்த தம்பிமாருக்கு இன்னும் ஒன்று. மும்பையிலும் டில்லியிலும் எச்சரிக்கைக் குரல் இந்தியில்தான் எழும்பும். "ஹட்டோ" என்றால் விலகு, "ருக்கோ" என்றால் நில். கூலி பேசக் கற்குமுன் இவ்விரண்டையும் கற்றுக்கொள்ளட்டும். கிரேனுக்குச் சைகை காட்டுபவர் ஒருவராகவே இருக்கவேண்டும். ஆனால் ஆபத்தைக் கண்டால் "நிறுத்து" என்னும் சைகையை யார் வேண்டுமானாலும் காட்டலாம். இயக்குபவர் அதற்குக் கீழ்ப்படியவேண்டும்.

"வாய் திறந்தால் வேலை போய்விடுமே" என்கிறீர்களா? அந்தப் பயம் வீணானதென்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையிலிருக்கும் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, உயிராபத்து நெருங்குவதாக நியாயமாய் அஞ்சும் தொழிலாளி அதை முதலாளிக்கும் அரசு ஆய்வாளருக்கும் தெரிவிக்க உரிமை தந்திருக்கிறது. தனியே போகாமல் நாலுபேராய்ச் சேர்ந்து போய்ச் சொல்லுங்கள்.

சகோதரிகளே, உங்கள் கணவர் மதிய உணவுக்குப்பின் எங்கே தலை சாய்க்கிறார் என்று இன்றிரவே கேளுங்கள். வெயிலுக்கு ஒதுங்கி, நின்றுகொண்டிருக்கும் கிரேனின் நிழலில் துண்டை விரிப்பவர்கள் உண்டு. ஓட்டுநர் சாப்பிட்டு வந்து எஞ்சினைக் கிளப்பும்போது, சக்கரத்தருகே படுத்திருப்பவர் கூண்டிலிருந்து தெரியமாட்டார்.