கூடாரம் வெப்பம் தராது: குளிர்கால முகாமுக்கு முன் ஆசிரியர் அறிய வேண்டியவை

மதுரை தல்லாகுளம் பகுதியில் மார்கழி மாத அதிகாலையிலும் வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். அதற்கே நம் பிள்ளைகள் காதில் மப்ளர் சுற்றிக்கொண்டு வருவார்கள். இதே பிள்ளைகளைத்தான் சாரணர் இயக்கம், தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், இயற்கை முகாம் என்று டிசம்பர், ஜனவரி மாதங்களில் கொடைக்கானலுக்கும் உதகைக்கும் அழைத்துச் செல்கிறோம். தேசிய மாணவர் படை மாணவர்களில் சிலர் மலையேற்றப் பயிற்சிக்காக இமயமலை வரையிலும் போகிறார்கள்.

பள்ளியில் அறிவியல் பாடத்துடன் சாரணர் பொறுப்பையும் கவனித்து வருபவன் என்ற முறையில், முகாம் என்றதும் சக ஆசிரியர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "நல்ல கூடாரமா சார்? குளிர் தாங்குமா?" என்பதுதான். இக்கேள்விக்குள்ளேயே ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. கூடாரம் குளிரைத் தாங்குவதில்லை, வெப்பத்தையும் தருவதில்லை. அது காற்றைத் தடுக்கிறது, மழையையும் பனியையும் தடுக்கிறது. அவ்வளவுதான். உள்ளே இருக்கும் ஒரே அடுப்பு நம் உடல். அந்த அடுப்பின் சூட்டை விடியும்வரை எப்படிக் காப்பது என்பதே குளிர்கால முகாமின் முழுப் பாடம்.

இதற்கு வரலாற்றில் ஒரு துயரச் சான்று உண்டு. தென் துருவத்தை அடைந்து திரும்பிய ஆங்கிலேயர் ராபர்ட் ஸ்காட்டும் அவருடைய தோழர்கள் இருவரும் 1912 மார்ச் மாதத்தில் தங்கள் கூடாரத்துக்குள்ளேயே இறந்தனர். உணவும் எரிபொருளும் வைத்திருந்த கிடங்கு சுமார் 18 கிலோமீட்டர் தொலைவில்தான் இருந்தது. தேடிச் சென்ற குழு அவர்களை 1912 நவம்பர் 12 அன்று கண்டபோது, அண்டார்டிகாவின் குளிர்காலம் முழுவதையும் கடந்து கூடாரம் நின்றுகொண்டிருந்தது. கூடாரம் தன் வேலையைச் செய்தது. உணவும் எரிபொருளும் தீர்ந்த உடல்களை அதனால் காக்க முடியவில்லை.

எவ்வளவு குளிரும்? முதலில் கணக்கிடுவோம்

உயரம் 1,000 மீட்டர் கூடும்போது வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். மதுரை கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். வித்தியாசம் 2,000 மீட்டர். அதாவது 13 டிகிரி. மதுரையில் 20 என்றால் அங்கே 7.

கணக்கு இங்கே முடிவதில்லை. மேகமற்ற, காற்றற்ற இரவில் தரை தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வானுக்கு இழந்துவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனமாகி, சரிவில் நீர்போல் வழிந்து பள்ளத்தில் தேங்கும். கொடைக்கானலிலும் உதகையிலும் புல்வெளிகளிலும் தாழ்வான இடங்களிலும் உறைபனி வெள்ளையாகப் படிவதற்கு இதுவே காரணம். ஊரின் வெப்பநிலை 7 என்று செய்தியில் வந்தாலும், பள்ளத்துப் புல்வெளியில் பூஜ்ஜியத்தை எதிர்பார்த்தே தயாராக வேண்டும்.

கூடாரத்தைத் தேர்ந்தெடுத்தல்

கடைகளில் அதிகம் கிடைப்பவை 'மூன்று பருவ' கூடாரங்கள். இவற்றில் வலைத்துணி அதிகம்; காற்றோட்டம் நன்றாக இருக்கும். நம் ஊர் மலைகளுக்கு, வெளிவிரிப்பு தரைவரை இறங்கும் நல்ல மூன்று பருவக் கூடாரமே போதும். பலத்த காற்றும் பனிப்பொழிவும் உள்ள இமயமலைக் குளிர்காலத்துக்கு 'நான்கு பருவ' கூடாரம் தேவை. அதில் கம்பிகள் கூடுதலாக இருக்கும், வலைத்துணி குறைவு, கூரை சரிவாக இருப்பதால் பனி தங்காது. வாங்கும்போதோ வாடகைக்கு எடுக்கும்போதோ இவற்றைப் பாருங்கள்:

1. இரண்டு அடுக்கு: உள்கூடாரம், வெளிவிரிப்பு இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். இரண்டும் ஒட்டாதபடி இடையில் இடைவெளி வேண்டும். ஒற்றை அடுக்கில் விடியற்காலையில் கூரையே சொட்டும்.

2. கம்பி: அலுமினியக் கலவைக் கம்பி எடை குறைந்தது, வளைந்தாலும் தாங்கும். கண்ணாடியிழைக் கம்பி விலை குறைவு. ஆனால் கடுங்குளிரிலும் பலத்த காற்றிலும் பிளந்துவிடக்கூடும்.

3. நீர் தாங்கும் அளவு: துணி எத்தனை மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்று குறிப்பிட்டிருப்பார்கள். மேல்விரிப்புக்கு 1,500, தரைக்கு 3,000 என்பது நல்ல அளவு. முழங்கால் ஊன்றும் இடத்தில் அழுத்தம் அதிகம் என்பதால்தான் தரைக்குக் கூடுதல் அளவு.

4. இடவசதி: குளிர்காலத்தில் பைகளும் ஈரக் காலணிகளும் உள்ளே வந்துவிடும். 'மூவருக்கானது' என்று எழுதியிருந்தால் இரண்டு பேருக்கு என்று கொள்ளுங்கள். மிகப் பெரிய கூடாரமும் வேண்டாம். உடல் சூடாக்க வேண்டிய காற்றின் அளவு கூடிவிடும்.

5. காற்றுத்துளை: மேற்பகுதியில் திறந்து மூடும் துளை கட்டாயம் வேண்டும்.

பணத்தைத் தரைக்குச் செலவிடுங்கள்

கூடாரத்துக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, பிள்ளைகளைக் கோரைப்பாயில் படுக்கவைத்தால் பயனில்லை. குளிர்ந்த தரை வெப்பக்கடத்தல் மூலம் இரவு முழுவதும் உடல் சூட்டை உறிஞ்சும். மேலே இரண்டு போர்வை போர்த்துவதைவிட, கீழே ஒன்று, மேலே ஒன்று என்று பிரிப்பது மேல். உறக்கப்பைக்கும் இதே சிக்கல்தான். உடல் எடையில் அதன் அடிப்பகுதி நசுங்கி, வெப்பத்தைத் தடுக்கும் காற்று வெளியேறிவிடும். எனவே அடியில் நுரைப்பாய் அவசியம். அது கிடைக்காவிட்டால் பெரிய அட்டைப்பெட்டிகளை விரித்து, மேலே சணல் சாக்கும் பழைய செய்தித்தாள்களும் பரப்பலாம். உலர்ந்த வைக்கோலும் நல்லது. இவற்றுக்கு அதிகச் செலவில்லை. நம் மாணவர்கள் பலர் வீட்டில் இருக்கும் ஒரே போர்வையை எடுத்து வருபவர்கள் என்பதை நாம்தான் நினைவில் வைக்க வேண்டும்.

உறக்கப்பை வாங்கினால், அதில் அச்சிட்டிருக்கும் எண்களில் 'வசதியான வெப்பநிலை' என்பதை மட்டும் பாருங்கள். 'உச்ச எல்லை' என்று பெரிதாகப் போட்டிருப்பது உயிர் தப்பும் அளவே தவிர, தூங்கும் அளவு அல்ல.

பருத்தி உடை நனைந்தால் சூட்டைக் காக்காது, எளிதில் உலரவும் செய்யாது. கம்பளி நனைந்தாலும் ஓரளவு காக்கும். பகலில் வியர்த்த பனியனுடனும் காலுறையுடனும் பிள்ளைகள் படுக்கக் கூடாது. உறங்குவதற்கென்றே ஓர் உலர்ந்த உடையைத் தனியாகப் பாலித்தீன் பையில் கட்டிவரச் சொல்லுங்கள்.

இடமும் அமைப்பும்

பள்ளத்தின் அடியிலும் ஓடைக்கரையிலும் கூடாரம் அடிக்க வேண்டாம். மலைமுகட்டிலும் வேண்டாம், காற்று அள்ளிவிடும். சற்று உயர்ந்த, காற்று மறைவான, காலை வெயில் விழும் இடமே சிறந்தது. தலைக்குமேல் காய்ந்த கிளை இருக்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள். பனிமலைப் பகுதி என்றால் பனிச்சரிவு இறங்கும் சரிவின் கீழே தங்கவே கூடாது. 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சின் பனியாற்றில், சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த ராணுவ நிலையைப் பனிச்சரிவு புதைத்தது. மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்த பத்து வீரர்களை இழந்தோம். அவர்களுள் நம் மதுரை, தேனி மாவட்டங்களைச் சேர்ந்தவர்களும் உண்டு. கடும் பயிற்சி பெற்ற வீரர்களுக்கே மலை இப்படி என்றால், பயணிகளாகச் செல்லும் நாம் உள்ளூர் வழிகாட்டியின் சொல்லை மீறக் கூடாது.

கூடாரத்தின் குறுகிய பக்கம் காற்றை நோக்கியும், வாசல் காற்றுக்கு மறுபுறமும் இருக்கட்டும். முளைகளைக் கூடாரத்துக்கு வெளிப்புறம் சாய்த்து அடித்து, எல்லாக் கயிறுகளையும் கட்டுங்கள். வானம் தெளிவாக இருக்கிறது என்று ஒன்றைக்கூட விடவேண்டாம். தரைவிரிப்பு வெளிவிரிப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீர் அதில் விழுந்து அடியில் புகும், உள்ளே மடித்துவிடுங்கள். பனித்தரையில் முளை நிற்காது. முதலில் பனியை மிதித்து இறுகவிட வேண்டும். பிறகு பனி நிரப்பிய பையிலோ தடித்த குச்சியிலோ கயிற்றைக் கட்டி, கிடைமட்டமாகப் புதைத்து, மேலே மிதித்து மூட வேண்டும்.

மூடிய கூடாரம், மூச்சு, தீ

குளிர்கிறது என்று எல்லாத் துளைகளையும் மூடுவது பிள்ளைகளின் இயல்பு. மூச்சில் வரும் நீராவி குளிர்ந்த துணியில் பட்டுச் சுருங்கி நீராகி, போர்வையை நனைத்துவிடும். நனைந்த போர்வை குளிரைவிட மோசம். மேல்துளை சிறிதளவாவது திறந்தே இருக்க வேண்டும்.

இக்கட்டுரையில் ஒரே ஒரு வரியை நினைவில் கொள்வதானால் இதைக் கொள்ளுங்கள்: கூடாரத்துக்குள்ளோ மூடிய அறைக்குள்ளோ கரியடுப்பு, எரிவாயு அடுப்பு, கணப்புச் சட்டி எதையும் வைக்கக் கூடாது. போதிய ஆக்சிஜன் இல்லாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபின், ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான ஈர்ப்புடன் அதைப் பற்றிக்கொள்ளும். தூங்குபவர் விழிப்பதே இல்லை. 2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் மலைப்பகுதியில் விடுதி அறையில் எரிவாயுக் கணப்பை ஏற்றிவைத்துத் தூங்கிய கேரளச் சுற்றுலாப் பயணிகள் எட்டுப் பேர் இறந்தனர். அவர்களில் நால்வர் குழந்தைகள். கேரளமும் நம்மைப் போல் வெப்ப நிலம்தான். குளிருக்குப் பழகாதவர்களே கணப்பை அதிகம் நாடுகிறார்கள். ஆகவே இந்த ஆபத்து நமக்கே அதிகம்.

நைலான் துணி நொடியில் உருகிப் பற்றும். மெழுகுவர்த்தியும் கொசுவர்த்திச் சுருளும் வேண்டாம். பேட்டரி விளக்கு போதும்.

இரவில் ஆசிரியரின் கண்

குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட விரைவில் குளிரும். நடுக்கம் முதல் அறிகுறி. பேச்சு குழறுதல், தள்ளாட்டம், எதிலும் ஆர்வமின்மை ஆகியவை அடுத்த கட்டம். சூடு ஏறாமலேயே நடுக்கம் நின்றுவிட்டால் அது குணமான அறிகுறி அல்ல, ஆபத்தின் அறிகுறி. உடல் வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே போவதையே தாழ்வெப்பநிலை என்கிறோம். ஈர உடையை மாற்றி, உலர்ந்த போர்வையில் சுற்றி, நன்கு விழிப்புடன் இருந்தால் இனிப்பான சூடான பானம் கொடுத்து, 108-ஐ அழையுங்கள். கை கால்களைத் தேய்க்க வேண்டாம்.

படுக்கும் முன் சூடான இரவு உணவும், கழிப்பறை சென்று வருவதும் கட்டாயம். இரவில் வெளியே போகத் தயங்கிச் சிறுநீரை அடக்கும் பிள்ளைகள், குறிப்பாக மாணவிகள், தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். இருவர் இருவராகச் சென்றுவரவும், ஆசிரியை உடன் செல்லவும் முன்பே ஏற்பாடு செய்துவிட்டால் இத்தயக்கம் வராது.

உணவுப் பொருளைக் கூடாரத்துக்குள் வைக்க வேண்டாம். கொடைக்கானலில் காட்டுமாடுகள் ஊருக்குள்ளேயே உலவுகின்றன. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில் கூடார விடுதியில் தங்கிய பெண் ஒருவர் யானை தாக்கி உயிரிழந்தார். வனப்பகுதியில் வனத்துறையின் அனுமதி பெற்ற இடத்தில் மட்டுமே தங்க வேண்டும். தலைமையாசிரியர் அனுமதி, பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல், ஆஸ்துமா போன்ற நோயுள்ள மாணவர் பட்டியல் ஆகியவையும் கையில் இருக்கட்டும்.

வகுப்பறையிலேயே தொடங்கலாம்

முகாமுக்கு இரு வாரம் முன்பே இவற்றைச் செய்து பாருங்கள். முகாமுக்கு வர இயலாத மாணவரும் இதில் பங்கேற்கலாம்.

• ஒரே அளவு வெந்நீரை இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றி, ஒன்றை வெறும் தரையிலும் மற்றொன்றை மடித்த சாக்கின் மீதும் வைத்து, 20 நிமிடம் கழித்து வெப்பநிலையை ஒப்பிடுங்கள். (வெப்பக்கடத்தல்)

• இரு வெந்நீர் பாட்டில்களில் ஒன்றில் ஈரத்துணியும் மற்றொன்றில் உலர்துணியும் சுற்றி மின்விசிறியின் கீழ் வையுங்கள். (ஆவியாதல்)

• உள்ளங்கையைப் பாலித்தீன் பையில் கட்டிப் பத்து நிமிடம் வைத்திருக்கச் சொல்லுங்கள். உள்ளே படியும் ஈரமே கூடாரக் கூரையில் படிவது. (நீராவி சுருங்குதல்)

• 1 செ.மீ. கனசதுரத்தின் பரப்புக்கும் கனஅளவுக்கும் உள்ள விகிதம் 6:1, 2 செ.மீ. கனசதுரத்தில் 3:1. சிறிய உடல் ஏன் விரைவில் குளிர்கிறது என்பதற்குக் கணிதம் தரும் விடை இது.

• கடுங்குளிரில் தண்ணீர் பாட்டிலை ஏன் தலைகீழாக வைக்கிறார்கள் என்று கேளுங்கள். நீர் 4 டிகிரியில்தான் அடர்த்தி மிக்கது; அதனால் பனிக்கட்டி மேலிருந்து உருவாகும். தலைகீழாக வைத்தால் வாய்ப்பகுதி அடைபடாது.

• மைதானத்தில் கூடாரம் அடித்துப் பழகுங்கள். முதலில் வெறுங்கையில், அடுத்து கையுறையுடன், பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு. விரல் மரத்துப்போன இருட்டில் கை தானாக வேலை செய்ய இப்பயிற்சியே உதவும்.

மூன்றாவது முறையிலும் தடுமாறும் குழு இருந்தால் முகாம் தேதியைத் தள்ளிவையுங்கள். மலை அங்கேயேதான் இருக்கும். அடுத்த மாதமும் போகலாம்.